டிராகன் படகு முதலில் யாருக்காக ஓடியது?

"டிராகன் படகுப் போட்டி, ஆற்றில் விழுந்த ஒரு கவிஞரைத் தேடிப் போனதில் தொடங்கியதாமே, உண்மையா? அதற்கு முன்னால் எதுவும் கிடையாதா?" என்பது கேள்வி. டிராகன் தலை மாட்டிய நீண்ட படகுகளில் முரசுக்கேற்பத் துடுப்புப் போடும் சீனப் பந்தயம் அது. சுருக்கமாகச் சொன்னால், கவிஞர் உண்மை, படகும் உண்மை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள். படகுதான் மூத்தது, கவிஞர் நடுவழியில் ஏறியவர் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சூ யுவான், கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிறந்தவர். யாங்சி ஆற்றின் நடுப்பகுதியை ஆண்ட ச்சு நாட்டின் அரச குடும்பத்து உறவு, மன்னர் ஹுவாயின் அமைச்சர். மேற்கே வளர்ந்துவந்த ச்சின் நாட்டை நம்பாதீர்கள் என்று எச்சரித்தார். அரண்மனையில் கோள்மூட்டினார்கள், மன்னர் காது கொடுத்தார், இவரை ஒதுக்கிவிட்டார். அடுத்து வந்த மன்னர் நாடு கடத்தினார். கி.மு. 278-இல் ச்சின் தளபதி பாய் ச்சி தலைநகரையே பிடித்துவிட்டான். சூ யுவான் ஹூனானில் உள்ள மீலுவோ ஆற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அது சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். ஊர் மக்கள் படகை எடுத்துக்கொண்டு தேடினார்கள், மீன்கள் உடலைத் தின்னாதிருக்க முரசு அடித்தார்கள், சோற்றை ஆற்றில் எறிந்தார்கள். படகுதான் பந்தயமானது, சோறுதான் இலையில் கட்டி அவிக்கும் ஸொங்ஸி ஆனது. மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது 'பாக் சாங்'. பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாக் கையேட்டிலும் இருப்பது இதுதான்.

இதில் எது எப்போது எழுதப்பட்டது என்று வரிசையாகப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும்.

சூ யுவானின் வாழ்க்கையை முதலில் முழுசாக எழுதியவர் சீமா ச்சியென் என்ற வரலாற்றாசிரியர், சூ யுவான் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. கேள்விப்பட்டதை வைத்து எழுதிவிடவில்லை. சாங்ஷா பக்கம் நேரில் போய், சூ யுவான் மூழ்கிய மடுவைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாக அவரே எழுதுகிறார். கல்லைக் கட்டிக்கொண்டு மீலுவோவில் விழுந்தது அவர் நூலில் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு மீனவரோடு நடந்த பேச்சுகூட இருக்கிறது. படகுத் தேடல் இல்லை, சோறு இல்லை, ஐந்தாம் நாள் என்ற தேதியும் இல்லை. ஊர்ப்பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் அவர். இடத்துக்கே போனவர் காதில், அங்கே வருஷா வருஷம் இவருக்காகப் படகு ஓடியிருந்தால் விழாமலா இருந்திருக்கும்?

அப்புறம் கதை துண்டு துண்டாகச் சேர்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நூல், ஐந்தாம் நாளில் கையில் கட்டும் ஐந்து வண்ணக் கயிற்றைச் சூ யுவானோடு சேர்த்துச் சொல்கிறது. நோயும் ஆயுதமும் அண்டாதிருக்கக் கட்டும் காப்புக்கயிறு அது. படகைப் பற்றிப் பேச்சில்லை. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூ ஜுன் என்பவர் சோற்றுக் கதையை எழுதினார். மக்கள் வருடந்தோறும் மூங்கில் குழாயில் அரிசி போட்டு ஆற்றில் விடுகிறார்கள். ஒருநாள் சாங்ஷாக்காரர் ஒருவர் முன்னால் சூ யுவானின் ஆவி தோன்றி, "நீங்கள் போடுவதையெல்லாம் நீர்நாகம் திருடிக்கொண்டு போகிறது, இனி மலைவேம்பு இலையால் வாயை அடைத்து வண்ண நூலால் கட்டுங்கள், இரண்டுக்கும் அது பயப்படும்" என்கிறது. மலைவேம்பேதான், நம் ஊர் மரம். இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். நீர்நாகம் என்றால் டிராகன் இனம்தான், ஆக இங்கே டிராகன்தான் திருடன். அப்படியிருக்க, கவிஞரைக் காப்பாற்றப் போகிறவர்கள் திருடனின் தலையையே படகில் மாட்டிக்கொண்டு போவார்களா? சோற்றுக் கதையும் படகுக் கதையும் வேறு வேறு இடத்தில் பிறந்தவை என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

படகுப் பந்தயத்தைச் சூ யுவானோடு நேராகச் சேர்க்கும் குறிப்பு, அதே 6-ஆம் நூற்றாண்டில் ஸோங் லின் எழுதிய ஒரு நூலில் வருகிறது. ச்சு நாடு இருந்த பகுதியின் ஆண்டுச் சடங்குகளைத் தொகுத்த நூல் அது. அதிலேயே ஒட்டியிருக்கும் உரை இன்னும் சுவையானது. கீழ்த்திசை வூ நாட்டில் இந்த வழக்கம் வூ ட்சூஷூ என்ற அமைச்சருக்காக, இதற்கும் சூ யுவானுக்கும் சம்பந்தமில்லை என்கிறது. பந்தயம் யுவே நாட்டு மன்னர் கோவ்ஜியெனிடம் தொடங்கியது என்று இன்னொரு நூல் சொல்வதையும் குறித்து வைக்கிறது. அதாவது, எழுத்தில் கதை கிடைக்கும் அந்தக் காலத்திலேயே மூன்று பேர் உரிமை கொண்டாடிக்கொண்டு நிற்கிறார்கள்!

7-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சுய் வம்ச வரலாறு தேதியையே மாற்றிச் சொல்கிறது. சூ யுவான் ஆற்றில் இறங்கியது ஐந்தாம் மாதத்துப் பௌர்ணமி அன்று என்கிறது. ஊரார் தோங்டிங் ஏரி வரை துரத்திப் போனார்கள். ஏரி பெரிது, படகு சிறிது. "எப்படி ஏரியைக் கடப்போம்" என்று பாடிவிட்டு, யார் முதலில் கரை சேர்வது என்று துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார்கள், அதுவே பந்தயமானது என்கிறது. இந்த வடிவம் எனக்குப் பிடிக்கும். துக்கத்தில் போனவர்கள் திரும்பும் வழியில் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். மனிதர்கள் அப்படித்தானே?

வூ ட்சூஷூ கதைக்கும் சூ யுவான் கதைக்கும் ஒரே அச்சு. அவரும் விசுவாசமான அமைச்சர், அவரும் பக்கத்து நாட்டை நம்பாதே என்றவர். மன்னர் ஃபூச்சாய் கி.மு. 484-இல் வாளை அனுப்பித் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னார். உடலைத் தோல் பையில் போட்டு ஆற்றில் எறிந்தார்கள். சூ யுவானுக்கு இருநூறு ஆண்டு முந்தியவர் இவர். சூச்சோ நகரில் ஐந்தாம் நாள் விழா இன்றும் இவர் பெயரில்தான். இன்னும் கொஞ்சம் தெற்கே, ஜேஜியாங்கில் சாவ் ஓ என்ற பதினான்கு வயதுப் பெண். அப்பா சாமியாடி. கி.பி. 143-இல் இதே ஐந்தாம் நாள், அலையை எதிர்த்துப் போய் நீர்த்தெய்வத்தை வரவேற்கும் சடங்கில் மூழ்கிவிட்டார். உடல் கிடைக்கவில்லை. பெண் பதினேழு நாள் கரையில் அழுதுகொண்டே நடந்து, கடைசியில் அவளும் ஆற்றில் இறங்கிவிட்டாள். அந்த ஆற்றுக்கு இன்று அவள் பெயர்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியம் அப்பாதான். 143-ஆம் ஆண்டில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், ஒரு பூசாரி ஆற்றில் இறங்கித் தெய்வத்தை அழைக்கிறார். அவர் மகளுக்கு எழுப்பிய பழைய கல்வெட்டு அந்தத் தெய்வத்தை வூ ட்சூஷூ என்கிறது. கவிஞரைத் தேடும் படகு என்று யாரும் எழுதுவதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு முன்னாலேயே, அதே நாளில் ஆற்றில் ஒரு சடங்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஏன் அந்த நாள்? ஐந்தாம் மாதம் ஏறக்குறைய ஜூன். யாங்சிப் பள்ளத்தாக்கில் வெயிலும் புழுக்கமும் ஏறி, மழை தொடங்கும் நேரம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்பு, தேள் எல்லாம் கிளம்பும். பழைய சீனர்களுக்கு இது 'கெட்ட மாதம்'. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்று நம் பாட்டிகள் சொல்வதுபோல், அங்கே ஐந்தாம் நாள் பிறந்த பிள்ளை ஆகாது. மெங்சாங் பிரபு என்று பின்னால் பெரிய ஆளானவர் அன்றுதான் பிறந்தார். அப்பா, தூக்கிப் போட்டுவிடு என்றார், அம்மா ஒளித்து வளர்த்தாள். வளர்ந்த பையன் அப்பாவிடம் காரணம் கேட்டபோது, "இந்த நாளில் பிறந்தவன் கதவு உயரம் வளர்ந்தால் பெற்றவர்களுக்குக் கேடு" என்றார். பையன் சொன்ன பதில்: "விதியை வானம் தருகிறதென்றால் கவலைப்பட்டு என்ன பயன்? கதவு தருகிறதென்றால் கதவை உயர்த்திவிடுங்கள்." இது சீமா ச்சியென் எழுதியதுதான். சூ யுவானுக்குச் சொல்லாத ஐந்தாம் தேதியை இவருக்கு மட்டும் ஞாபகமாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாளில் செய்ததெல்லாம் நோய் விரட்டத்தான். வாசலில் மாசிபத்திரி இனத்துச் செடியும் வசம்பு இலையும் தொங்கும். வசம்பின் இலை வாள் போல இருப்பதால் பேய்க்குப் பயம் என்பது கணக்கு. மனோசிலை கலந்த மதுவைக் குழந்தை நெற்றியில் தீற்றுவார்கள். பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி என்ற ஐந்து விஷங்களைத் துணியில் தைத்துக் குழந்தைக்குப் போடுவார்கள். வசம்பும் மனோசிலையும் நம் நாட்டு மருந்துக்கடையிலும் இருக்கும் சாமான்தான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வரிசையில் படகை வைத்துப் பாருங்கள். நம் கிராமத்தில் கழிப்புக் கழித்து, சாமானை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவார்கள் இல்லையா, ஆற்றோர ஊரில் எல்லை என்றால் ஆறுதான். நோயைப் படகில் ஏற்றி ஆற்றோடு அனுப்பிவிட வேண்டும். மிங் வம்ச காலத்தில் (14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை) யாங் சிச்சாங் என்ற ஹூனான்காரர் தன் ஊர்ப் பந்தயத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பந்தயம் கெட்டதை விரட்டத்தான் என்று ஊரார் நம்புவதையும், படகுக்காரர்கள் மந்திரவாதி வைத்துக்கொள்வதையும் சொல்கிறார்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஹூபெய் மாநிலம் ஹுவாங்ஷியில் 'தெய்வப் படகு' என்று ஒன்று, மூங்கிலும் காகிதமுமாக நாற்பது நாள் கட்டுவார்கள். உள்ளே தெய்வ உருவங்கள் நிற்கும். ஐந்தாம் மாதம் 18-ஆம் நாள் யாங்சியில் விட்டுவிடுவார்கள், அது ஊர் நோயை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும். போட்டியே கிடையாது.

ஹாங்காங்கின் தாய் ஓ என்ற மீனவக் கிராமத்தில் இதை நானே பார்த்தேன். கால்வாய் மேல் கம்பு நட்டுக் கட்டிய வீடுகள். விழாவுக்கு முந்தின நாள் மூன்று மீனவர் சங்கத்தாரும் நான்கு கோயில்களிலிருந்து சாமி சிலைகளை எடுத்து வருகிறார்கள். மறுநாள் டிராகன் படகுகள், சிலை வைத்த சின்னப் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கால்வாய் கால்வாயாகப் போகின்றன. வேகம் இல்லை, மாட்டு வண்டி போல மெதுவாக. வீட்டு வாசல்களில் ஊதுபத்தியும் காகிதப் பணமும் எரிகின்றன. தண்ணீரில் மூழ்கிச் செத்து அலையும் ஆவிகள் பசியாற வேண்டும் என்பதற்காக. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் சூ யுவானைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, "அப்போது கொள்ளைநோய் வந்தது, சாமியைச் சுற்றி வரச் செய்தோம், நின்றது" என்றார். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் சொல்லும் காரணம் அதுதான். பந்தயம் அதற்கு அப்புறம் தனியாக நடந்தது.

சரி, டிராகன் எங்கிருந்து வந்தது? சீனத்து 'லோங்' தீ கக்கும் பிராணி கிடையாது. அது நீரில் வாழ்வது, மழை தருவது. ஜூன் மாதம் நாற்று நட்ட வயலுக்கு மழை வேண்டும், ஆனால் வெள்ளமாக வரக்கூடாது. அதைக் கையில் வைத்திருப்பவரை எழுப்பிக் குஷிப்படுத்தத்தான் இவ்வளவு முரசும். தெற்கத்தி யுவே மக்கள் முடியைக் கத்தரித்து உடம்பில் பச்சை குத்திக்கொண்டார்கள், நீரில் இறங்கும்போது நாகத்தின் பிள்ளைகள் போலத் தெரிந்தால் ஆபத்து வராது என்று பழைய சீன நூல்களே சொல்கின்றன. 1940-களில் வென் யீதுவோ என்ற கவிஞர் இதை வைத்துத்தான், விழாவே சூ யுவானுக்கு முந்தியது, டிராகனைக் குலச்சின்னமாகக் கொண்ட மக்களின் பண்டிகை என்று வாதிட்டார். குலச்சின்னம் என்ற அளவுக்கு நான் போக மாட்டேன், அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எங்கும் குலச்சின்னத்தைக் கண்டார்கள். அவர் கை காட்டிய திசை மட்டும் சரி. 1976-இல் நிங்போ அருகே கிடைத்த வெண்கலக் கோடரி ஒன்றில், மேலே எதிரெதிராக இரண்டு டிராகன், கீழே தலையில் இறகு சூடிய நான்கு பேர் வரிசையாகத் துடுப்புப் போடுகிறார்கள். சூ யுவான் காலத்ததோ அதற்கும் முந்தியதோ. அது பந்தயமா, சடங்கா, போருக்குப் போகும் படகா என்று அந்தச் சின்னச் செதுக்கலை வைத்துச் சொல்ல முடியாது. வியட்நாமின் தோங் சோன் வெண்கல முரசுகளிலும் இதே இறகுத் தலைக்காரர்கள் நீண்ட படகில் போகிறார்கள். படகும் முரசும் இறகும் சேர்ந்த இந்தப் பண்பாடு, ஹான் சீனர்கள் தெற்கே பரவும் முன்பே அங்கே இருந்தது.

அதன் எச்சம் போல ஒன்று குய்சோ மாநிலத்தில், சிங்ஷுய் ஆற்றின் கரையில் மியாவ் மக்களிடம் இருக்கிறது. மூன்று மரங்களைக் குடைந்து சேர்த்துக் கட்டுகிறார்கள். நடுவில் 'தாய்', இரு பக்கமும் 'பிள்ளைகள்'. டிராகன் தலையில் எருமைக் கொம்பு. துடுப்புக்காரர்கள் நின்றுகொண்டே போடுகிறார்கள். ஆற்றோரம் போகப்போக, உறவுக்காரர்கள் வாத்தும் கோழியும் கொண்டுவந்து டிராகன் கழுத்தில் கட்டுகிறார்கள், மொய் வைப்பது போல. அவர்கள் கதையில் சூ யுவான் கிடையவே கிடையாது. தன் மகனைக் கொன்ற டிராகனை ஒரு மீனவர் தீ வைத்துக் கொன்றார், ஊரே இருண்டுபோனது, பிறகு அதன் உருவில் படகு செய்து ஓட்டினால் மழையும் விளைச்சலும் தருகிறேன் என்று டிராகனே கேட்டுக்கொண்டது என்கிறார்கள்.

குவாங்தோங் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பழைய படகுகளை விழா முடிந்ததும் ஆற்றுச் சேற்றில் புதைத்துவிடுவார்கள். போர்னியோவின் பொன்தியானாக்கிலிருந்து வந்த கனமரம், காற்றில் காய்ந்தால் வெடித்துவிடும், சேற்றில் கிடந்தால் நூற்றாண்டுகள் தாங்கும். நான்காம் மாதம் எட்டாம் நாள் ஊர் ஆண்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தோண்டி, தண்ணீரை இறைத்து, பட்டாசு வெடித்து எழுப்புவார்கள். 'டிராகனை எழுப்புதல்' என்றே பெயர். தலை மட்டும் கோயிலில் தனியாக இருக்கும், அதைக் கொண்டுவந்து மாட்டிக் கண்ணில் சாதிலிங்கச் சிவப்பு வைப்பார்கள். கண் திறப்புதான், நம் சிற்பிகள் செய்வதே. யான்பு என்ற ஊரின் கிழட்டுப் படகு, குவாங்சோ நகரத்துப் பான்டாங் ஊர்ப் படகுக்கு வளர்ப்புத் தந்தை. மிங் காலத்துப் பந்தயம் ஒன்றில் ஏற்பட்ட உறவாம். இன்றும் தந்தை மகனைப் பார்க்க வருஷா வருஷம் போகிறார், முறைப்படி விருந்து நடக்கிறது. படகு அங்கே பொருள் இல்லை, ஓர் ஆள். பல ஊர்களில் பெண்கள் தொடவே கூடாது என்று வைத்திருந்ததும் இதே நம்பிக்கையின் மறுபக்கம்.

அப்படியானால் சூ யுவான் எப்படி மற்றவர்களை ஓரங்கட்டினார்? என் கணிப்பு இது. எழுதப் படித்தவர்களுக்கு, நோய்ப்பேயை விரட்டும் சாமியாடிச் சடங்கு சங்கடமானது. நாட்டுக்காக உயிர் விட்ட அமைச்சர் என்றால் அரசுக்கும் ஏற்றம், தேர்வு எழுதிப் பதவிக்கு வந்து, பிறகு பதவி இழந்த ஒவ்வோர் அதிகாரிக்கும் தன் கதை. அதோடு பொருத்தமும் இருந்தது. ச்சு நாட்டுப் பாடல்களில் போன உயிரைத் திரும்ப அழைக்கும் பாடலே உண்டு. ஆற்றில் போனவர்களின் ஆவியை அமைதிப்படுத்தும் சடங்குக்கு, ஆற்றில் போன ஒரு பெரிய மனிதர் கிடைத்தார். அவர் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் சிகுயில் இன்றும் பந்தயத்துக்கு முன் படகுகள் மெதுவாகச் சுற்றி, "திரும்பி வா" என்று அவரை அழைத்துப் பாடுகின்றன. அங்கே கதையும் சடங்கும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டன. அதனால் 'சூ யுவான் கதை பொய்' என்று யாராவது சொன்னால் அதுவும் பாதி தப்புதான்.

2009-இல் யுனெஸ்கோ இந்த விழாவை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது சீனா முன்வைத்த நான்கு இடங்களைப் பாருங்கள்: சிகுய், மீலுவோ இரண்டும் சூ யுவானுக்கு, சூச்சோ வூ ட்சூஷூவுக்கு, ஹுவாங்ஷி நோய்ப் படகுக்கு. அதிகாரப்பூர்வப் பட்டியலே ஒற்றைக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு வருடம் முன்பு, 2005-இல், தென்கொரியாவின் காங்னுங் நகரத்து ஐந்தாம் நாள் விழா அங்கீகாரம் பெற்றபோது, எங்கள் பண்டிகையைத் திருடிவிட்டார்கள் என்று சீனாவில் பெரிய கூச்சல். காங்னுங் விழாவில் டிராகன் படகே கிடையாது!

வேடிக்கைப் பந்தயமாக மாறியது தாங், சோங் காலங்களில். 825-இல் தாங் பேரரசர் ஒருவர் இருபது பந்தயப் படகு கட்டச் சொன்னார். சரக்குப் போக்குவரத்துத் துறையின் அரையாண்டுச் செலவு ஆகும் என்று அதிகாரிகள் மன்றாடி, பாதியாகக் குறைத்தார்கள். 1050-இல் ஹாங்சோ பகுதியில் கடும் பஞ்சம். ஆளுநர் ஃபான் ஜோங்யான் தடுப்பதற்குப் பதிலாகப் படகுப் பந்தயத்தைத் தாராளமாக நடத்த விட்டார், தானும் தினமும் ஏரியில் விருந்து வைத்தார். புகார் போனது. பணக்காரர் காசு வெளியே வந்தால் படகோட்டி, வியாபாரி, கூலியாள் எல்லார் வயிறும் நிறையும் என்பது அவர் விளக்கம். இன்று நாம் பார்க்கும் விளையாட்டு 1976-இல் ஹாங்காங்கில், உள்ளூர் மீனவர் அணிகளோடு ஜப்பானின் நாகசாகி அணியையும் அழைத்து நடத்திய போட்டியிலிருந்து வருகிறது. இருபது துடுப்பு, ஒரு முரசு, ஒரு சுக்கான். சர்வதேசக் கூட்டமைப்பு 1991-இல் வந்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் சேர்த்தார்கள்.

பினாங்கில் ஒரு பருவம் நானும் அலுவலக அணியில் துடுப்புப் போட்டிருக்கிறேன். முரசு வேகத்துக்கு அடிப்பது என்று நினைத்துப் போனேன். முதல் நாளே பயிற்சியாளர் திருத்தினார்: முன் வரிசை இருவரின் கையைப் பார், முரசைக் காதில் வாங்கு, உன் பலத்தைக் காட்டாதே. ஒருவர் முந்தினால் படகு கவிழாது, ஆனால் இழுபடும், முதுகில் உடனே தெரியும்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் வேகத்துக்கு மீலுவோ, சடங்குக்குத் தாய் ஓ. இரண்டும் ஐந்தாம் நாளே என்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மியாவ் படகுகள் அதே மாதம் 24-இலிருந்து 27 வரை, ஷிடோங் ஊரில். சீன நாட்காட்டித் தேதி ஆங்கிலத் தேதியில் வருடா வருடம் நகரும், டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.